கையுறைக்குள் போகும் மோதிரம்

ஓகஸ்ட் 19, செவ்வாய்

காலையிலிருந்து சோளகக் காற்று. கடை வாசலை மூன்று தரம் கூட்டியும் புழுதி. திருத்த வந்தது மூன்று பிரிட்ஜ், ஒரு ஏசி. நல்லூர்த் திருவிழாக் காலம், வீட்டுக்கு வீடு வெளிநாட்டு விருந்தாளி. பிரிட்ஜ்களும் நேரம் பார்த்துத்தான் மண்டையைப் போடுகின்றன. மத்தியான வெயிலில் மருதனார்மடச் சந்தியில் ஒரு நாய்கூட இல்லை.

கல்யாண எழுத்துக்கு நாள் வைத்தாயிற்று. செப்ரெம்பர் 4, வியாழன் காலை, உடுப்பிட்டியில் பெண் வீட்டில். பதிவாளர் வந்து எழுதுவார், நாங்கள் மோதிரம் மாற்றுவோம். தாலி கட்டுவது தை மாதம். பெண்ணின் மோதிரம் எங்கள் பொறுப்பு, என்னுடையது அவர்கள் பொறுப்பு.

மோதிரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது: வட்டமாக இருக்கும்.

அம்மாவுக்கு எல்லாம் தெரியும். யாரோ சொந்தக்காரரின் கல்யாணப் படத்தைப் போனில் விரித்து விரித்துக் காட்டினார். நடுவில் சிவப்புக் கல், சுற்றிவரச் சின்னக் கற்கள். விரலைச் சுற்றும் பட்டி மேலே வந்ததும் இரண்டாகப் பிளந்து கல்லைத் தாங்குகிறது.

"இதுதான். படத்திலை எடுப்பாத் தெரியும்."

அளவு கேட்கப் பெண்ணுக்கு, வதனிக்கு, போன் எடுத்தேன். அம்மாவும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தேன். என்னை என்ன சொல்ல.

"நான் மோதிரம் போடுறேல்லையே," என்றாள் வதனி. "வேலைக்குச் சரிவராது. அண்டைக்குப் போட்டிட்டுப் பேந்து கழட்டி வைக்கிறன். உங்களுக்குப் பிடிச்சதைச் செய்யுங்கோ."

போனை வைத்ததும் அம்மா தொடங்கினார். "கழட்டி வைக்கிறதுக்கோ மோதிரம் போடுறது? தம்பி, அந்தப் பிள்ளைக்கு இதிலை விருப்பம் இருக்கோ எண்டு வடிவாக் கேள். இல்லையெண்டால் இப்பவே நிப்பாட்டுவம், ஆக்களுக்குச் சொல்ல முதல்."

நிற்பாட்டுவதா? எனக்கு முப்பத்துநாலு வயது. இதற்குமுன் வந்த பேச்சுகள் ஜாதகத்திலும் சீதனத்திலும் முறிந்தன. இது ஒரு மோதிரத்தில் முறியப் போகிறதா?

வதனியின் வேலை (இனி வ. என்று எழுதுகிறேன், பேனா மை குறைவு): கால்நடை உத்தியோகத்தர். வடமராட்சிப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது, கன்று ஈன உதவுவது. ஊர் சொல்வது மாட்டு டொக்டர். அம்மா சொல்வது "அரசாங்க உத்தியோகம்". அதற்குமேல் அம்மா சொல்வதில்லை.

சித்திரையில் ஆஞ்சநேயர் கோயிலில் பெண் பார்த்தபோது எங்களைக் கொஞ்சம் தனியே கதைக்க விட்டார்கள். வ. கேட்ட முதல் கேள்வி: "பிரிட்ஜுக்குள்ளை அந்தக் காஸ் எப்பிடிச் சுத்துது? சூட்டை எங்கை கொண்டுபோய்ப் போடுது?" பதினொரு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன், ஒருவரும் கேட்டதில்லை. தேங்காய் உடைக்கிற இடத்தில் நின்று கரித்துண்டால் நிலத்தில் கீறிக் காட்டினேன். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஓகஸ்ட் 21, வியாழன்

தேர். அம்மா விடியவே நல்லூர் போய்விட்டார். கடை மூடல்.

பின்னேரம் கஸ்தூரியார் வீதி. வீதிகள் அடைத்திருந்ததால் மோட்டார்சைக்கிளை எங்கோ விட்டு நடை. நகைக்கடைகளில் பாதி பூட்டு. திறந்திருந்த ஒன்றில் விற்பனையாளர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், சந்தனப் பொட்டு. வாங்காமல் இவ்வளவு கேள்வி கேட்டவன் நான்தான் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

கற்றுக்கொண்டவை. எல்லாரும் கல்லைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் விரலோடு குடும்பம் நடத்துவது பட்டிதான்.

தட்டை: பட்டையடித்தது போல. ஓரம் கூர்.
அரைவட்டம்: வெளியே வளைவு, உள்ளே தட்டை. எங்கள் அப்பா போட்டிருந்தது.
உள்ளும் புறமும் வளைவு: வழுக்கிக்கொண்டு ஏறும், இறங்கும். பவுண் கூடப் பிடிக்கும்.
நெளி: அலை மாதிரி. வடிவு. அழுக்கு சேரும்.
முறுக்கு: இரண்டு கம்பி பின்னியது. அழுக்கு நிரந்தரமாகவே குடியிருக்கும்.
நடுவில் விளிம்பு ஏறினது: கூரை முகடு மாதிரி. தொட்டுப் பார்த்தேன், கீறும்.
பிளந்த பட்டி: அம்மாவுடையது.
கல்லைப் பட்டிக்குள் புதைத்தது: மேலே ஒன்றும் தடக்காது. நல்ல யோசனை, ஆனால் கல்லைச் சுற்றி மயிரளவு இடுக்கு.

"பொம்பிளைப்பிள்ளைக்கு என்ன வேலை?" விற்பனையாளர்.

"மாட்டுக்குச் சினை ஊசி போடுறவ."

அவர் கையிலிருந்த மோதிரத்தை மெதுவாகத் தட்டில் வைத்தார். "அப்ப... எந்தக் கையாலை?"

எனக்குத் தெரியாது. இவ்வளவு விசாரித்த நான் அதைக் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது.

பக்கத்தில் வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண் தோழியிடம்: "அவருக்கு என்ன பிடிக்கும் எண்டு எனக்குத் தெரியாது, ஆனா அவற்றை தங்கச்சிக்கு என்ன பிடிக்காது எண்டு நல்லாத் தெரியும்."

ஓகஸ்ட் 22, வெள்ளி

தீர்த்தம். வீட்டில் இன்றும் மரக்கறி. மாலையில் கொஞ்சம் காற்று விழுந்தது.

பரிசோதனை. சந்தி வெதுப்பகத்தில் பாண் எடுக்கப் போடுகிற பொலித்தீன் கையுறை கொஞ்சம் கேட்டு வாங்கினேன். அம்மாவின் அலுமாரி லாச்சியிலிருந்து மோதிரங்கள் நாலு. என் சின்னவிரலில்கூட முதல் மூட்டைத் தாண்டவில்லை, பரவாயில்லை. மோதிரம், மேலே கையுறை, வாளித் தண்ணீருக்குள் பழைய ரயர்க் குழாய். குழாய்க்குள் கையை விட்டு விட்டு எடுத்தேன்.

கல் வைத்தது: முதல் தடவையே கிழிந்தது.
நெளி: மூன்றாம் தடவை.
அம்மாவின் பழைய தட்டை: ஓரத்தில் கிழிந்தது.
அரைவட்டம்: கிழியவில்லை. கை ஓய்ந்துபோகும்வரை விட்டேன்.

ஓய்ந்த நேரம் பார்த்து அம்மா குசினி வாசலில்.

"என்னடா செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கு என்ரை மோதிரம் எல்லாத்தையும் போட்டுக்கொண்டு ரயருக்குள்ளை கையை விட்டுக்கொண்டு நிக்கிறாய்."

சொன்னேன். எந்த மோதிரம் கையுறையைக் கிழிக்கும், எது கிழிக்காது என்று பார்க்கிறேன், கிழிந்தால் மாட்டின் உள்பக்கம் காயப்படும், அதனால்தான் அவள் போடுவதில்லை, விருப்பமில்லாமல் இல்லை.

அம்மா நாலு மோதிரத்தையும் எண்ணி வாங்கினார். கழுவினார். மஞ்சள் போட்டுத் திரும்பவும் கழுவினார். அறைக்குப் போகும்போது திரும்பி, "அப்ப எதுதான் கிழிக்கேல்லை?"

இந்த ஆராய்ச்சிக் குணம் எனக்கு எங்கேயிருந்து வந்தது என்று யாரும் தேடத் தேவையில்லை.

ஓகஸ்ட் 24, ஞாயிறு

இன்றைக்கு நிறைய எழுத இருக்கிறது.

காலை உடுப்பிட்டி. வ.வின் வீட்டில் தேத்தண்ணி, வடை. அவளுடைய அம்மா ஒரு கதிரையில் நான் சரியாக இருக்கிறேனா என்று பார்த்தபடி. ஞாயிறென்றாலும் வ.வுக்கு அழைப்பு வந்துவிட்டது, இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு பசு இரவு முழுக்கச் சினைக்குக் கத்துகிறதாம். "நானும் வரலாமோ?" என்று கேட்டேன். அவளுடைய அம்மாவுக்குத் திடுக்கிட்டது. வ. சிரித்தாள். "வாங்கோ. ஆனா பின்னாலை நிக்காதேங்கோ, உதைக்கும்."

மாட்டுக்கொட்டில். தோள்வரை நீளமான மெல்லிய கையுறை, சவர்க்காரத் தண்ணீர். பசுவின் வாலை ஒருபக்கம் ஒதுக்கினாள். இடக்கை உள்ளே போனது. முழங்கை தாண்டியும் போனது. வலக்கையில் நீட்டுக் கம்பி மாதிரி ஊசி. கண்ணை எங்கோ தூரத்தில் வைத்துக்கொண்டு, ஆனால் கையால் பார்க்கிறாள் என்று தெரிந்தது. இருட்டில் ஒரு போல்ட்டை விரலால் தேடும்போது நானும் இப்படித்தான் முகட்டைப் பார்ப்பேன்.

வேலை முடிந்தது. மாட்டுக்காரர் என்னைப் பார்த்து, "புது ஆளோ? பழக வந்திருக்கிறாரோ?" என்றார். வ. திருத்தவில்லை.

கிணற்றடியில் அவள் கை கழுவ, நான் வாளி பிடித்தேன். சந்தோஷமாகச் சொன்னேன்: "விளங்கிட்டுது! இடக்கைதான் உள்ளுக்குப் போகுது. அப்ப மோதிரத்தை வலக்கையிலை போடுவம். பிரச்சினை முடிஞ்சுது."

"பசு கண்டு போடேக்கை, கண்டு மாட்டிக்கொண்டால்?"

"அப்ப?"

"ரெண்டு கையும் போகும்."

வாளியைக் கீழே வைத்தேன். நாலு நாள் ஆராய்ச்சி கிணற்றடியில் ஓடிப்போனது.

அவளுக்கு விருப்பமில்லையோ என்று அம்மா கேட்டதையும் உளறிவிட்டேன். பிறகு அவள் கேட்டாள்: "நீங்கள் வேலையிலை மோதிரம் போடுவியளோ?"

"இல்லை. கரன்ட் வேலை. மணிக்கூடுகூடக் கட்டுறேல்லை."

"அப்ப நாங்கள் உங்களுக்குப் போடுற மோதிரத்தை என்ன செய்வியள்?"

"கடையிலை கழட்டி வைப்பன்."

"அதுக்கு ஆரும் உங்களுக்கு என்னிலை விருப்பமில்லை எண்டு சொன்னவையோ?"

ஒருவரும் சொல்லவில்லை. நானும் யோசிக்கவில்லை.

சேலைத் தலைப்பு இல்லை, சேர்ட்டின் கையாலேயே முகத்தைத் துடைத்தாள். "இவ்வளவு தூரம் வந்து மோதிரத்தைப் பற்றித் தேடுறியள், எனக்குச் சந்தோஷம். ஆனா மாமி எங்கடை அம்மாட்டைச் சொன்னவவாம், தைக்குப் பிறகு பிள்ளைக்கு உந்த வேலை தேவையில்லை எண்டு. மோதிரத்தைக் கழட்டி எங்கை வைக்கிறது எண்டு நான் யோசிக்கேல்லை. கழட்டுறதுக்கு எனக்கு வேலை இருக்குமோ எண்டுதான் யோசிக்கிறன்."

அம்மா அப்படிச் சொன்னது எனக்குத் தெரியாது. "அம்மாவோடை கதைக்கிறன்," என்றேன்.

"அவவோடை கதையுங்கோ. அதுக்கு முதல் நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

அந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மா ஒழுங்கை முனையில், சாப்பாடு ஆறுகிறதென்று. சாப்பிட்டேன். கத்தரிக்காய்ப் பால்கறி நல்லாய் இருந்திருக்கும். நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது வல்லை வெளியில் மோட்டார்சைக்கிளை நிறுத்தினேன். வீடு போய்ச் சேர்ந்தால் அம்மா முகத்தைப் பார்த்து வார்த்தையைத் தேடுவேன் என்று பயம். அங்கே காற்றென்றால் காற்று, ஆளையே சாய்க்கும். அங்கிருந்தே வ.வுக்கு எடுத்தேன்.

"நீர் வேலையை விடவேண்டாம்!"

"என்ன? காத்துத்தான் கேக்குது."

"வேலையை விடவேண்டாம்! நான் விடச் சொல்லமாட்டன்! ஒருத்தரையும் சொல்லவும் விடமாட்டன்!"

இறால் வாளியோடு சைக்கிளில் போனவர் நின்று பார்த்தார். "தம்பி, ஆரை வேலையாலை நிப்பாட்டினம்?" என்று கேட்டார். கையை ஆட்டி அனுப்பினேன்.

போனில், "கேட்டுது," என்றாள். "முதல் தரமே கேட்டுது."

ஓகஸ்ட் 25, திங்கள்

மப்பு. மழை வரும்போலப் போக்குக் காட்டிவிட்டுப் போனது. ஒரு கொம்பிரசர் மாற்றல். கை சுட்டது, சின்னதுதான்.

இரவுச் சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். வ. வேலையை விடமாட்டாள், நானும் விடச் சொல்லமாட்டேன்.

"மாட்டுக்குள்ளை விட்ட கையாலை எனக்குச் சோறு போடுறதோ?"

"சவர்க்காரம் எதுக்கு இருக்கு?"

"மணம் போகாது."

"என்ரை கையிலை ஒயில் மணம். முப்பத்துநாலு வரியமாச் சோறு போடுறியள்."

"நீ ஆம்பிளை."

"மணத்துக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமோ?"

அம்மா பிட்டுப் பானையைச் சத்தமாக இறக்கினார். எனக்கும் கோபம்தான். அப்பா போனபிறகு என்னையும் வீட்டையும் தூக்கி நிறுத்தியவர், அவரோடு எடுத்தெறிந்து கதைக்க மனம் வராது. ஆனாலும் சொல்லிவிட்டேன்: "வேலையை விடச் சொல்லுறதெண்டால் எழுத்து வேண்டாம்."

அம்மா எழும்பிப் போய் குசினி விளக்கை அணைத்தார். நான் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஓகஸ்ட் 27, புதன்

அம்மா இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. தேத்தண்ணி வருகிறது, பேச்சு வருவதில்லை. பூனையோடு நன்றாகக் கதைக்கிறார்.

மோதிர அளவு. நூலில் எடுத்தால் சரிவராது, நூல் இழுபடும். கடையில் ஏசி வேலைக்கு வைத்திருந்த செம்புக் குழாயை வளையம் வளையமாக வெட்டினேன். விரிக்கிற கருவியால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் பெரிதாக்கினேன். ஓரம் எல்லாம் அராவி, உள்ளும் புறமும் வளைவாக்கி, மினுக்கி. ஏழு வளையம். நூலில் கோத்து நேற்று உடுப்பிட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் தெரிந்த கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன்.

இன்று வ. எடுத்தாள்.

"நாலாவது சரி. நேற்றிலையிருந்து போட்டுக்கொண்டுதான் வேலை செய்யிறன். ரெண்டு மாடு. கையுறை கிழியேல்லை."

"தடக்கினதோ?"

"இல்லை. ஆனா அகலம் கூட. விரல் மடிக்கேக்கை பக்கத்து விரலை இடிக்குது. இன்னும் ஒடுக்கமா வேணும். கல்லு வேண்டாம். கண்டு இழுக்கிற நாளிலை கழட்டத்தான் வேணும், அப்ப சவர்க்காரம் போட்டால் உடனை வரவேணும்."

"கழட்டினால் எங்கை வைப்பீர்? சங்கிலியிலை?"

"குனியேக்கை சங்கிலி முன்னுக்கு விழுந்து மாட்டுக்கு முதுகு தேய்க்கும். சேர்ட் பொக்கற்றுக்குள்ளை ஊசி குத்தி வைப்பன்." பிறகு: "விரல் பச்சையாப் போச்சு உங்கடை செம்பாலை. அம்மா கேக்கிறா, என்ன வருத்தம் எண்டு."

இவ்வளவு நேரம் ஒரு பெண்ணோடு நான் கதைத்ததில்லை. அதுவும் ஒரு வளையத்தின் உள்வளைவைப் பற்றி.

இரவு, அம்மா குசினிக்குள் இருந்து, பூனைக்குச் சொல்வதுபோல: "அவள் எந்தக் கையை விடுறவளாம்?"

"இடக்கை."

"கண்டு வாறதெண்டால்?"

"ரெண்டும்."

"ம்."

இரண்டு நாளில் இதுதான் பேச்சு.

ஓகஸ்ட் 28, வியாழன்

கஸ்தூரியார் வீதி. முடிவு: உள்ளும் புறமும் வளைவு, ஒடுக்கம், கல் இல்லை, வேலைப்பாடு இல்லை. எனக்கும் அதே பட்டி, வ. வீட்டார் அதே கடையில் சொல்லிவிட்டார்கள். விற்பனையாளருக்குத்தான் மனவருத்தம். "ரெண்டும் ஒரே மாதிரியோ? பொம்பிளைக்கு ஒரு பூவாவது போடுவமே தம்பி. ஒரு சின்ன இலை?"

"இலை கிழிக்கும் அண்ணை."

"அப்ப உள்ளுக்குப் பேராவது வெட்டுவம்."

வெட்டினால் உள்ளே அழுக்கு சேருமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

பேர் வெட்டவில்லை.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

மோதிரம் வந்தது. பஞ்சுப் பெட்டிக்குள் சின்னதாக, வெறுமையாக, மினுங்கிக்கொண்டு. எனக்குப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கிறது. ஒரு இடத்தில்கூடத் தொடக்கமும் இல்லை முடிவும் இல்லை, நகத்தை ஓடவிட்டுப் பார்த்தேன், எங்கேயும் நிற்கவில்லை.

அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "உது என்ன, யன்னல் சீலை வளையம் மாதிரி."

"அவ கேட்டது உதுதான்."

"சரி. மோதிரம் அவள் கேட்டபடி. நான் கேக்கிறதையும் கேக்கத்தான் போறன்." பெட்டியை மூடினார். "எழுத்தண்டைக்குச் சபையிலை, எல்லாருக்கும் முன்னாலை கேப்பன். தைக்குப் பிறகு வேலையை விடுவீரோ, மாட்டீரோ எண்டு. பெரியாக்கள் இருக்கேக்கை சொல்லட்டும். நீ குறுக்காலை வராதை."

"நான் குறுக்கை வருவன்."

"வா. அதையும் எல்லாரும் பாக்கட்டும்."

வ.வுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னேன்.

"கேக்கட்டும்," என்றாள். குரல் கொஞ்சம் மெல்லியது. "விடமாட்டன் எண்டு சொல்லுவன். பிறகு?"

"பிறகு எழுத்து நடக்கும்."

"மாமி எழும்பிப் போனால்?"

அம்மா எழும்பிப் போகக்கூடியவர்தான். சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில் பந்தியிலிருந்து எழும்பிப் போயிருக்கிறார், பருப்பில் உப்பில்லை என்று.

செப்ரெம்பர் 2, செவ்வாய்

நித்திரை இல்லை. மூன்று வாடிக்கையாளர், மூவரிடமும் ஒரே பிழை: பிளக் சரியாக மாட்டவில்லை. இப்படி ஒரு அழுத்தலில் எல்லாம் சரியாகிற நாள் வாழ்க்கையிலும் வந்தால் நல்லது.

புது வேட்டி. சலவைக்காரர் சேர்ட்டின் தெறி ஒன்றை உடைத்துவிட்டார். அம்மா தைத்துத் தந்தார், கதைக்காமல். நூலைப் பல்லால் கடித்தபோது என் நெஞ்சுக்குக் கிட்ட அவருடைய தலை. வகிடு முழுக்க வெள்ளை. எப்போது இப்படியானது என்று கவனிக்கவில்லை.

செப்ரெம்பர் 3, புதன்

சாமான்கள்: வெற்றிலை, பாக்கு, பழத்தட்டு, கற்கண்டு, சேலை, மோதிரம். மோதிரம் இருக்கிறதா என்று நாலு தடவை பார்த்தாயிற்று.

அம்மா வாடகை வான்காரரோடு போனில்: "ஓம், ஓம், உடுப்பிட்டிதான். இல்லையப்பா, பொம்பிளை டொக்டர் இல்லை. மாட்டுக்கு. மாட்டுக்கு எண்டன்!" வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, மிகுந்த கஷ்டப்பட்டு.

செப்ரெம்பர் 4, வியாழன்

எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

விடியவே வான் வந்தது. வெயில், காற்றில்லை. உடுப்பிட்டியில் வாசலில் கோலம், நிறைகுடம், குத்துவிளக்கு, எல்லாம் சரி. வ. மட்டும் இல்லை.

அவளுடைய அம்மா கையைப் பிசைந்தபடி: அதிகாலையில் ஆள் வந்ததாம், பசு ஒன்று கன்று மாட்டிக்கொண்டு கிடக்கிறதாம், ஒரு ஓட்டத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவளாம். பதிவாளர் வந்து இருந்துவிட்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. என் பக்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அம்மா கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். எழும்பப் போகிறவர் அப்படித்தான் இருப்பார்.

பின்வாசலால் சைக்கிள் சத்தம். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வ. வந்தாள். அரக்குச் சேலை, ஈரத் தலை, பூ சரியாகக் குத்தவில்லை, மூச்சு வாங்கியது. எல்லாருக்கும் கும்பிட்டாள். என் பக்கத்தில் வந்து இருந்தாள். சவர்க்கார மணம். அதற்கு அடியில் கொட்டில் மணமும், மெல்லியதாக. எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

பதிவாளர், "முதல் மோதிரத்தை மாத்துங்கோ, பிறகு கையெழுத்து," என்றார். வ. எனக்குப் போட்டாள். சுகமாகப் போனது. நான் அவளுடைய இடக்கையைப் பிடித்தேன். விரல்கள் வீங்கியிருந்தன. கன்றை இழுத்த கயிறு சுற்றிய தடம் சிவப்பாக, உள்ளங்கை வரை. மோதிரம் மூட்டில் நின்றது. மெதுவாகத் தள்ளினேன். பல்லைக் கடித்தாள். திருப்பித் தள்ளினேன். போகவில்லை.

பின்னால் யாரோ, "அபசகுனம்," என்றது எனக்குக் கேட்டது. வ.வுக்கும் கேட்டது.

அம்மா தொண்டையைச் செருமினார். கைப்பையைப் பக்கத்தில் வைத்தார். அவர் கேட்கப்போவதற்குக் குறுக்கே சொல்ல வேண்டியதை எல்லாம் நான் மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். வ. நிமிர்ந்து அம்மாவை நேரே பார்த்தாள். பதிலை அவள் ஆயத்தமாகத்தான் வைத்திருந்தாள்.

அம்மா அந்த வீங்கின கையைப் பார்த்தார். கயிற்றுத் தடத்தைப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். "கண்டு நாம்பனோ, நாகோ?"

கன்று ஆணா பெண்ணா என்று அம்மா கேட்பது வ.வுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு, "நாகு, மாமி," என்றாள்.

"உயிரோடையோ?"

"ஓம். தாயும் எழும்பிட்டுது. நக்கிக்கொண்டு நிக்குது."

"ஏன் மாட்டினது? தலை திரும்பிப்போச்சோ?"

"இல்லை மாமி, பின்னங்கால் முதல் வந்தது. ஒரு கால் மடிஞ்சு உள்ளுக்கை நிண்டிட்டுது."

"ஐயோ. அப்ப எப்பிடி எடுத்தனீர்?"

வ. என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள், மோதிரம் மூட்டில் நின்றபடியே. கன்றின் கால் இப்படி இருந்தது என்று வலக்கையை மடித்துக் காட்டினாள். முதல் உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கையால் மூடி, கர்ப்பப்பை கிழியாமல் இப்படிச் சுற்றி எடுத்து, பிறகுதான் கயிறு. சேலைத் தலைப்பு நழுவியது, இடுப்பில் செருகிக்கொண்டு மேலே சொன்னாள். அம்மா கதிரையை முன்னுக்கு இழுத்து, அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். "அம்மா, நல்ல நேரம் முடியப் போகுது."

"பொறுங்கோ ஐயா," என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. "பிள்ளை சொல்லி முடிக்கட்டும்."